போர்ட் எல்லன் வடிசாலை: ஏன் மூடினார்கள், எது மிஞ்சியது?

வங்கக்கரை | 2 ஏப்ரல் 2024

போன மாதம் 19ஆம் தேதி ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் போர்ட் எல்லன் விஸ்கி வடிசாலை மறுபடி திறந்துவிட்டது. மூடியது 1983இல். எனக்கு ஒன்று விளங்கவில்லை. பழைய பாட்டில்கள் ஏலத்தில் லட்சங்களுக்குப் போகின்றன. அவ்வளவு நல்ல சரக்கை வடித்த இடத்தை எதற்கு மூட வேண்டும்? அந்தக் காலத்தில் சரக்கு சுமார்தான், மூடிய பிறகு கிடைக்காமல் போனதால் பெயர் ஏறிவிட்டது என்பது என் கட்சி. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

லியோரின் | 2 ஏப்ரல் 2024

பின்பாதி சரி, முன்பாதி தப்பு. கிடைக்காமல் போனதால் பெயர் ஏறியது உண்மை. சரக்கு சுமார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சுவையைப் பார்த்து யாரும் அதை மூடவில்லை, கணக்கைப் பார்த்து மூடினார்கள்.

1983இல் அதை வைத்திருந்தது டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட், சுருக்கமாக டிசிஎல். அந்த ஒரே வருடத்தில் அவர்கள் மூடிய மால்ட் (முளைகட்டிய பார்லி) விஸ்கி வடிசாலைகள் 11: பான்ஃப், பென்ரோமாக், ப்ரோரா, டல்லஸ் டூ, க்ளென் ஆல்பின், க்ளென்லாக்கி, க்ளென் மோர், நாக்டூ, நார்த் போர்ட், செயின்ட் மக்டலீன், போர்ட் எல்லன். 11 இடத்திலும் ஒரே நேரத்தில் சரக்கு கெட்டுப்போகாது.

1960களிலும் 70களின் முன்பாதியிலும் கலப்பு விஸ்கி விற்ற வேகத்தை நம்பி எல்லோரும் கண்டபடி வடித்துத் தள்ளினார்கள். விஸ்கியில் இன்று பீப்பாயில் ஊற்றுவது எட்டு, பத்து வருடம் கழித்துத்தான் கடைக்கு வரும். இடையில் எண்ணெய் நெருக்கடி வந்தது, பிரிட்டனில் மந்தநிலை வந்தது, குடிக்கிறவர்கள் வோட்காவுக்கும் வைனுக்கும் நகர்ந்தார்கள். 1980 வாக்கில் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. வடிப்பதை நிறுத்துவது ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த வழி.

லியோரின் | 2 ஏப்ரல் 2024, இரவு

ஏன் குறிப்பாகப் போர்ட் எல்லன் என்பதைச் சொல்லாமல் விட்டேன். ஐலாவில் டிசிஎல்லுக்கு மூன்று வடிசாலைகள்: லகவூலின், கூல் ஈலா, போர்ட் எல்லன். மூன்றுக்கும் அன்று ஒரே வேலை. ஜானி வாக்கர், ஒயிட் ஹார்ஸ் போன்ற கலப்பு விஸ்கிகளுக்குப் புகை மணக்கும் சரக்கு கொடுக்க வேண்டும். கலப்பில் அது சிறு பங்குதான். விற்பனை இறங்கினால் புகைச் சரக்கின் தேவைதான் முதலில் விழும்.

மூன்றில் எதை நிறுத்துவது? கூல் ஈலாவை 1972இல் இடித்து, 1974இல் புதிதாகத் திறந்திருந்தார்கள். 2 ஸ்டில் (வடிக்கும் செம்புப் பாத்திரம்) இருந்த இடத்தில் 6 ஸ்டில். புது இயந்திரம், பெரிய கொள்ளளவு, லிட்டருக்குச் செலவு குறைவு. அதை மூட மாட்டார்கள். லகவூலினுக்கு ஒயிட் ஹார்ஸோடு பழைய பந்தம், தனி மால்ட்டாகவும், அதாவது கலக்காமல் ஒரே வடிசாலையின் விஸ்கியாகவும், கொஞ்சம் பெயர் இருந்தது. போர்ட் எல்லனுக்கு இரண்டும் இல்லை. தனி மால்ட்டாக அதைக் கம்பெனி கடைக்கு அனுப்பவே இல்லை. அதன் பெயரைச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. 1983 மே மாதம் நிறுத்தினார்கள்.

பார்லிமணி | 3 ஏப்ரல் 2024

1825இலிருந்து 1983 வரை ஓடிய வடிசாலை என்று ஒரு வலைப்பக்கத்தில் படித்தேன். 158 வருடம். அவ்வளவு பழையதற்கா வாடிக்கையாளர் இல்லை?

லியோரின் | 3 ஏப்ரல் 2024

158 வருடம் தொடர்ந்து ஓடவில்லை. நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போர்ட் எல்லன் ஊரையே 1821இல்தான் வால்டர் ஃப்ரெடரிக் கேம்பெல் என்ற நிலக்கிழார் உருவாக்கினார், மனைவியின் பெயரில். 1823 கலால் சட்டம் வரியைக் குறைத்ததும் திருட்டுத்தனமாக வடித்தவர்கள் உரிமம் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த அலையில் 1825இல் அலெக்ஸாண்டர் கெர் மக்கே என்பவர் இதை ஆரம்பித்தார். அவரால் பிடித்து நிறுத்த முடியவில்லை. சொந்தக்காரர்கள் கை மாறி, 1830களில் ஜான் ராம்சே கைக்கு வந்தது. வடிசாலையின் உண்மையான சரித்திரம் அவரோடுதான் தொடங்குகிறது. 1892இல் சாகும்வரை அவர்தான். அமெரிக்காவுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பினார், பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அவர் குடும்பம் 1920இல் பியூக்கனன்-டூவர் நிறுவனத்துக்கு விற்றது. 1925இல் அது டிசிஎல்லோடு இணைந்தது. 1929இல் மூடினார்கள். அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு, பின்னாலேயே உலகப் பொருளாதார வீழ்ச்சி. 1967வரை ஒரு சொட்டு வடிக்கவில்லை. கிடங்குகளும் மால்ட் தளமும் மட்டும் பயன்பட்டன.

1966-67இல் கிட்டத்தட்டப் புதிதாகக் கட்டி, 2 ஸ்டில்லை 4 ஆக்கித் திறந்தார்கள். அங்கிருந்து 1983வரை 16 வருடம். இன்று ஏலத்தில் வருகிற போர்ட் எல்லன் எல்லாமே இந்த 16 வருடச் சரக்கு. ராம்சே காலத்துச் சரக்கின் சுவை இன்று உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. "200 வருடப் பாரம்பரியச் சுவை" என்று விளம்பரத்தில் வந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம்.

லியோரின் | 3 ஏப்ரல் 2024

ராம்சேயைப் பற்றி இன்னொன்று. வடிசாலைக்காரர் என்பதோடு தீவின் தென்பகுதியில் பெரிய நிலச்சொந்தக்காரரும் அவர்தான். அவர் நிலத்துக் குத்தகைக் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகக் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தன. 1870இல் அவரே கனடா போய் அவர்களைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். விரட்டினாரா, வழியனுப்பினாரா என்பதில் ஐலாக்காரர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. விஸ்கியின் பொற்காலம் என்று எழுதப்படுகிற அதே பத்தாண்டுகளில்தான் தீவின் மக்கள்தொகை சரிந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஓக்மரம் | 5 ஏப்ரல் 2024

1983இல் மூடிய ஆர்ப்பாட்டம் சரி. ஐலாவின் இன்னொரு வடிசாலை ஆர்ட்பெக்கும் 1981இல் மூடப்பட்டதுதானே. அது இன்று ஜாம் ஜாமென்று ஓடுகிறது. போர்ட் எல்லனை மட்டும் ஏன் 40 வருடம் தொடவில்லை?

லியோரின் | 5 ஏப்ரல் 2024

ஆர்ட்பெக்கில் ஸ்டில் இடத்திலேயே இருந்தது. 1989இல் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தார்கள், 1996இல் நின்றது, 1997இல் க்ளென்மொராஞ்சி வாங்கி முழுவீச்சில் ஓட்டியது. தூசு தட்டி, பழுது பார்த்து, பாய்லரைப் பற்ற வைக்க முடிகிற நிலையில் இருந்தது. ப்ரூக்லாடியும் அப்படித்தான். 1995இல் நின்றது, 2001இல் மீண்டும் ஓடியது, பழைய விக்டோரியா காலத்து இயந்திரங்களோடேயே.

போர்ட் எல்லனில் மூடிய பிறகு ஸ்டில்களைக் கழற்றிவிட்டார்கள். பின்னால் ஸ்டில் இருந்த கட்டடமும் போயிற்று. கடலோரக் கிடங்குகளும் மால்ட்டைக் காயவைக்கும், கூம்புக் கூரை வைத்த சூளைகளும் மட்டும் நின்றன. சும்மா நிறுத்தி வைத்த வடிசாலை திரும்ப வரும். செம்பைக் கழற்றிவிட்டால் அது மூடியதாகத்தான் கணக்கு. இந்த வித்தியாசத்தை வைத்தே மூடப்பட்ட வடிசாலைகளின் பட்டியலைப் படிக்க வேண்டும்.

வங்கக்கரை | 6 ஏப்ரல் 2024

சரி, கணக்கைப் பார்த்து மூடினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூல் ஈலா, லகவூலின், போர்ட் எல்லன் மூன்றும் ஒரே மால்ட்டில் வடித்தவை என்கிறார்கள், அப்படியானால் சரக்கும் ஒன்றுபோலத்தானே இருந்திருக்கும்? மால்ட் ஒன்று, தண்ணீர் ஒரே தீவு. பிறகு என்ன தனிச்சிறப்பு?

லியோரின் | 6 ஏப்ரல் 2024

நல்ல கேள்வி. இதில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1973இல் வடிசாலைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மால்ட் ஆலை கட்டினார்கள். போர்ட் எல்லன் மால்டிங்ஸ். வடிசாலை செத்தும் இது சாகவில்லை. உள்ளே 25 டன் கொள்ளும் 8 ஊறல் தொட்டிகள், ஏறக்குறைய 50 டன் கொள்ளும் 7 உருளைகள், 3 சூளைகள். இரண்டு தொட்டி பார்லி ஒரு உருளைக்குப் போகும்.

நாம் பயறை ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டி முளைகட்டுவதுதான் அடிப்படை. அளவும் கட்டுப்பாடும்தான் வேறு. பார்லி இரண்டு நாள்போல ஊறும். தொடர்ச்சியாகத் தண்ணீரிலேயே விடமாட்டார்கள், இடையில் வடித்துக் காற்று கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் மணி மூச்சுத் திணறி முளை வராது. ஈரம் 45 சதவீதம் வாக்கில் வந்ததும் உருளைக்கு மாற்றி, ஐந்து நாள் மெதுவாகச் சுழற்றுவார்கள். முளைக்கும்போது பார்லி தானே சூடாகும், வேர்கள் ஒன்றோடொன்று பின்னும். உருளை சில மணி நேரம் நின்றுபோனால் போதும், 50 டன்னும் பின்னிப் பாயாகிவிடும், நடுவில் வெப்பம் ஏறி முளை கெடும்.

பிறகு சூளை. புகை ஏறுவது இங்கேதான், அதுவும் முதல் கட்டத்தில் மட்டும்தான். மணியின் மேல்தோலில் ஈரம் இருக்கும்வரைதான் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் மக்கிய தாவர மண்) எரியும் புகையிலுள்ள ஃபீனால் என்ற மணப்பொருள் ஒட்டும். தோல் காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் வீண். அதனால் முதலில் பீட், பிறகு சூடான காற்று. கடைசியில் ஈரம் 5 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும்.

பீட் கொழுந்துவிட்டு எரியக் கூடாது, கனிந்து புகைய வேண்டும். எரிந்தால் ஃபீனாலும் சேர்ந்து எரிந்துபோகும், வெப்பம்தான் மிஞ்சும். அதனால் எலும்பாய்க் காய்ந்த பீட் இதற்கு உதவாது, கொஞ்சம் ஈரமும் தூளும் கலந்ததுதான் நல்லது. ஈர மணியின்மேல் காற்று 60 டிகிரியைத் தாண்டினால் நொதிகள் செத்துவிடும். நொதி செத்தால் மாவு சர்க்கரையாக மாறாது. புகை எவ்வளவு அருமையாக ஏறியிருந்தாலும் அந்த மால்ட்டில் சாராயம் குறைவாகத்தான் வரும்.

லியோரின் | 6 ஏப்ரல் 2024, தொடர்ச்சி

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். லகவூலினுக்கும் கூல் ஈலாவுக்கும் போகிற மால்ட் ஒரே அளவு புகைதான், 35 பிபிஎம் வாக்கில், அதாவது பத்து லட்சத்தில் 35 பங்கு ஃபீனால். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். பிபிஎம் என்பது மால்ட்டில் அளந்தது. அரைக்கும்போது உமியோடு கொஞ்சம் போகும், கூழாக்கும்போது சக்கையோடு போகும், நொதிக்கும்போதும் வடிக்கும்போதும் போகும். பாதிக்கு மேல் வழியிலேயே காணாமல் போய்விடும்.

மிச்சத்தை முடிவு செய்வது ஸ்டில்லும், வடிவதை எங்கே பிரிப்பது என்கிற வெட்டும். இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதை ஒதுக்கி, நடுவில் வருவதைப் பீப்பாய்க்கு எடுத்து, கடைசியில் வருவதைத் திரும்ப அடுத்த வடிப்பில் சேர்ப்பார்கள். ஃபீனாலில் கனமானவை கடைசிப் பகுதியில்தான் அதிகம் வரும். வெட்டைக் கொஞ்சம் தாமதித்தால் தார், கரி, மருந்து வாடை கூடும். முன்னதாக வெட்டினால் எலுமிச்சையும் லேசான புகையும். ஸ்டில்லை முழுக்க நிரப்பி வேகமாக ஓட்டினால் கனமானது தாண்டி வரும். குறைவாக நிரப்பி மெல்ல ஓட்டினால் ஆவி செம்பில் பட்டுத் திரும்ப விழுந்து, இலகுவானது மட்டும் மேலே போகும். கூல் ஈலாவின் பெரிய ஸ்டில்கள் இந்த இரண்டாவது வகை. லகவூலின் மெதுவாக ஓட்டும், ஆனால் வெட்டு ஆழமாகப் போகும்.

பழைய போர்ட் எல்லன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். புகை உண்டு, அதோடு எலுமிச்சைத் தோல், ஈரக்கல், கொஞ்சம் எண்ணெய்ப் பசை. இனிப்பு குறைவு. என் பார்வையில், இந்த இறுக்கத்துக்குப் பாதிக் காரணம் பீப்பாய். கலப்புக்கென்று வடித்த சரக்கு, அதனால் இரண்டு மூன்று தடவை பயன்படுத்திக் களைத்த பீப்பாயில் ஊற்றி வைத்தார்கள். பத்து வருடத்தில் எடுத்திருந்தால் அது பச்சையாகத்தான் இருந்திருக்கும். யாரும் எடுக்காததால் இருபது, முப்பது வருடம் கிடந்தது. களைத்த மரம் மெல்லத்தான் பேசும், சரக்கின் குணத்தை அமுக்காது. நல்ல புதுப் பீப்பாயில் போட்டிருந்தால் முப்பது வருடத்தில் மரம்தான் மணக்கும். சிக்கனம் அவர்கள் எதிர்பார்க்காத ஒரு நன்மையைச் செய்தது.

பார்லிமணி | 7 ஏப்ரல் 2024

இந்த மால்டிங்ஸ் எப்படித் தப்பித்தது? பக்கத்திலிருந்த வடிசாலை போனதும் அதற்கும் வேலை பாதி போயிருக்குமே.

லியோரின் | 7 ஏப்ரல் 2024

போகத்தான் போயிற்று. அந்த ஆலையை மூடும் பேச்சும் இருந்தது. 1987இல் ஐலாவிலும் பக்கத்துத் தீவான ஜூராவிலும் உள்ள வடிசாலைகள் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தங்களுக்கு வேண்டிய மால்ட்டில் ஒரு பங்கை இங்கிருந்து எடுப்பதாகப் போட்டிக் கம்பெனிகளும் வாக்குக் கொடுத்தன. தீவில் வேலை நிலைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பௌமோரும் லஃப்ரோய்கும் சொந்தத் தளத்தில் கொஞ்சம் முளைகட்டினார்கள், மீதியை வெளியில் வாங்கினார்கள். ஆர்ட்பெக்குக்கு 55 பிபிஎம், கில்ஹோமனுக்கு 50 பிபிஎம் என்று கேட்ட அளவுக்குப் புகைத்துக் கொடுத்தது இந்த ஆலை.

போர்ட் எல்லன் மூடிய பிறகும் அந்தப் பெயரை நாம் வேறு லேபிள்களுக்குப் பின்னால் குடித்துக்கொண்டுதான் இருந்தோம். ஏலத்தில் ஒரு பாட்டிலுக்குக் கிடைக்கும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இது உண்மையான வருத்தம். 1980 ஆகஸ்டில் எலிசபெத் அரசி வந்து பார்த்ததும் மால்டிங்ஸைத்தான். அந்த வருகைக்காகப் போட்ட 12 வருடப் பாட்டில்தான், வடிசாலை ஓடிய காலத்தில் கம்பெனியே போட்ட மிக அரிதான ஒன்று.

ஓக்மரம் | 9 ஏப்ரல் 2024

பழைய போர்ட் எல்லனைக் கம்பெனியே பாட்டிலில் அடைத்த ஆண்டு வெளியீடுகள் 2001இலிருந்து வந்தனவே. பழைய கையிருப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட முடியுமா?

லியோரின் | 9 ஏப்ரல் 2024

முழுக் கையிருப்பையும் வெளியிலிருந்து கணக்கிட முடியாது. ஆனால் வெளியீட்டு எண்களிலிருந்து பீப்பாய்களைத் திருப்பிக் கணக்கிடலாம்.

2001இன் முதல் வெளியீடு: 1979இல் வடித்தது, 22 வருடம், 56.2 சதவீத ஆல்கஹால், 6,000 பாட்டில். 70 செ.லி. வீதம் 4,200 லிட்டர். ஹாக்ஸ்ஹெட் பீப்பாய் 250 லிட்டர். வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகிறது என்று வைத்தால் 22 வருடத்தில் 160 லிட்டர் மிஞ்சும். ஏறக்குறைய 26 பீப்பாய்.

2017இன் 17ஆம் வெளியீடு: அதே 1979, 37 வருடம், 51 சதவீதம், 2,988 பாட்டில். மொத்தம் 2,092 லிட்டர். 37 வருடத்தில் ஒரு பீப்பாயில் 118 லிட்டர்தான் மிஞ்சும். ஆக 18 பீப்பாய் வாக்கில்.

பெரிய பீப்பாய்களும் கலந்திருக்கும், கசிந்தவையும் இருக்கும். அதனால் இது மோட்டாக் கணக்கு. ஆனால் பாட்டில் எண்ணிக்கை பாதியானாலும் பீப்பாய் எண்ணிக்கை பாதியாகவில்லை என்பது தெரிகிறது. காற்று குடித்ததும் பெரிய பங்கு.

லிட்டர் மட்டுமல்ல, வீரியமும் இறங்கும். ஐலாவின் ஈரக்காற்றில் நீரைவிடச் சாராயம் வேகமாகப் போகும். 63.5 சதவீதத்தில் ஊற்றியது நாற்பது வருடத்தில் 45ஐத் தொடலாம். 40க்குக் கீழே ஒரு புள்ளி போனாலும் சட்டப்படி அது ஸ்காட்ச் விஸ்கி அல்ல. அதனால் மிகப் பழைய பீப்பாய்களை அடிக்கடி அளந்து, ஆபத்தான கட்டத்துக்கு முன் எடுத்துவிடுவார்கள்.

வங்கக்கரை | 10 ஏப்ரல் 2024

பீப்பாய் பேச்சு வந்ததால் கேட்கிறேன். "போர்ட் எல்லன் பீப்பாய், முதலீட்டுக்கு" என்று ஒரு மின்னஞ்சல் என் நண்பருக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

லியோரின் | 10 ஏப்ரல் 2024

பணம் அனுப்புவதற்கு முன் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கிடங்கில் இருக்கிறது, பீப்பாய் எண் என்ன, வடித்த தேதி என்ன. அண்மையில் திரும்ப அளந்த அறிக்கை: மொத்த லிட்டர், வீரியம், சுத்த ஆல்கஹால் லிட்டர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஊற்றியபோது எடுத்த அளவை மட்டும் காட்டினால் அது நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை, இன்று உள்ளே பாதிகூட இருக்காது. விற்பவர் கொடுக்கும் அழகான "உரிமைச் சான்றிதழ்" காகிதம் மட்டும்தான். உரிமை மாறுவது, விற்பவர் கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டரைக் கிடங்குக்காரர் ஏற்று, வாங்கியவர் பெயரைத் தன் கணக்கில் பதியும்போதுதான். கிடங்குக்காரரோடு நேரடியாகப் பேச விடாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பீப்பாயை வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது. தனி மால்ட் ஸ்காட்ச்சை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பது சட்டம். 1983க்கு முந்தைய போர்ட் எல்லன் பீப்பாய் ஒன்று முகம் தெரியாதவருக்கு மின்னஞ்சலில் விலைக்கு வரும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

பார்லிமணி | 10 ஏப்ரல் 2024

பாட்டிலுக்கும் இப்படி ஒரு சோதனை சொல்லுங்கள்.

லியோரின் | 11 ஏப்ரல் 2024

முதலில் வடித்த வருடம். 1930-66இல் விழுந்தாலோ, 1984-2023இல் விழுந்தாலோ பொய். 1983 என்றால் மாதம் போட்டிருக்கிறதா பாருங்கள், மே மாதத்துக்குப் பிந்தியது என்றால் சந்தேகம். அடுத்து கொள்ளளவு: பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில்தான் 75 செ.லி. போய் 70 செ.லி. வந்தது. 80களில் அடைத்ததாகச் சொல்லும் பிரிட்டிஷ் பாட்டிலில் 70 என்று அச்சாகியிருந்தால் விளக்கம் கேளுங்கள். தனியார் நிறுவனங்கள் அடைத்தவை நிறைய உண்டு. அவை கள்ளச் சரக்கு அல்ல, பலவும் கம்பெனி வெளியீட்டைவிட நன்றாகவே இருக்கும். 82, 83 வருடச் சரக்குகள் அதிகமும் அவர்கள் வழியாகத்தான் வந்தன. சரக்கின் மட்டமும் முக்கியம். கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி கசிந்திருக்கலாம், விலை இறங்கும்.

ஓக்மரம் | 14 ஏப்ரல் 2024

ஐலாவில் திரும்பி வராத வடிசாலைகளும் இருக்கின்றன. அவற்றை யாரும் பேசுவதில்லை.

லியோரின் | 14 ஏப்ரல் 2024

ஆமாம், பேச வேண்டும். போர்ட் ஷார்லட்டில் லாக்கிண்டால். 1829இல் ஆரம்பித்தது. 1929இல் டிசிஎல் கைக்கு வந்ததும் மூடப்பட்டது, சரியாக ஒரு நூற்றாண்டு. அதன் கட்டடத்தில் இன்று இளைஞர் விடுதி இருக்கிறது, மேட்டிலிருக்கும் கிடங்குகளை ப்ரூக்லாடி பயன்படுத்துகிறது. அதன் சரக்கு எதுவும் சந்தையில் இல்லை, அதனால் புராணமும் இல்லை.

இன்னொன்று மால்ட் மில். 1907இல் லஃப்ரோய்கின் விற்பனை முகவர் உரிமை லகவூலின் சொந்தக்காரர் பீட்டர் மக்கி கையைவிட்டுப் போனது. அடுத்த வருடமே லகவூலின் வளாகத்துக்குள் லஃப்ரோய்க் மாதிரியே சரக்கு எடுக்க ஒரு குட்டி வடிசாலை கட்டினார். அங்கிருந்து ஆளைக்கூட இழுத்து வந்தார். லஃப்ரோய்க் சுவை வரவே இல்லை. பக்கத்து ஊர், அதே பாணி, ஆளும் தெரிந்தவர், ஆனாலும் வரவில்லை. 1962இல் மூடி, ஸ்டில்களை லகவூலினுக்குள் நகர்த்தினார்கள்.

வங்கக்கரை | 15 ஏப்ரல் 2024

அப்படியானால் புதுப் போர்ட் எல்லனும் இன்னொரு மால்ட் மில்தானா? வரைபடத்தை வைத்து அதே மாதிரி ஸ்டில் செய்திருக்கிறார்கள் என்கிறார்களே.

லியோரின் | 15 ஏப்ரல் 2024

2017 அக்டோபரில், டிசிஎல்லின் இன்றைய வாரிசான டியாஜியோ, போர்ட் எல்லனையும் ப்ரோராவையும் 3.5 கோடி பவுண்டில் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. ப்ரோரா 2021இல் திறந்தது. அங்கே பழைய ஸ்டில்களே இருந்தன, செப்பனிட்டு வைத்தார்கள். போர்ட் எல்லனில் ஒன்றும் இல்லாததால் பழைய அளவுகளின்படி ஒரு ஜோடியும், சோதனைக்கென்று சிறிய ஜோடி ஒன்றும் புதிதாக அடித்திருக்கிறார்கள்.

ஸ்டில் வடிவம் அதே என்பது தேவையான நிபந்தனை, ஆனால் அது மட்டும் போதாது. 1970களின் பார்லி ரகங்கள் இன்று வயலில் இல்லை. ஈஸ்ட் மாறிவிட்டது. அன்று ஆட்கள் கை பார்த்து வெட்டினார்கள், இன்று நேரத்தையும் வீரியத்தையும் கணினி பார்க்கிறது. பீப்பாய் மரமும் அன்றைய களைத்த மரம் அல்ல. ஆக, அப்படியே திரும்ப வராது. வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

எனக்கு ஆர்வம் தருவது புது வடிசாலையின் பத்துப் பிரிவு ஸ்பிரிட் சேஃப், அதாவது வடியும் சாராயத்தைப் பிரித்துவிடும் கண்ணாடிப் பெட்டி. சாதாரணமாக வடியும் சாராயத்தை மூன்றாகத்தான் பிரிப்பார்கள். இங்கே நடுப்பகுதியையே பல துண்டாகப் பிரித்துத் தனித்தனியாக எடுக்க முடியும். ஃபீனால் வடிப்பின் எந்த நிமிடத்தில் எப்படி மாறுகிறது என்பதை இதுவரை தொழிற்சாலை அளவில் யாரும் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பீப்பாயில் போட்டதில்லை என்பது என் எண்ணம். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பீப்பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் மேலே வெட்டைப் பற்றி எழுதியதை நாக்கிலேயே சரிபார்க்கலாம்.

லியோரின் | 16 ஏப்ரல் 2024

தனிச்செய்தியில் இருவர் கேட்டதற்கு இங்கேயே பதில். புது வடிசாலையின் சரக்கை இப்போது வாங்க முடியாது. ஓக் பீப்பாயில் மூன்று வருடம் முடியாமல் அதை விஸ்கி என்று விற்கக் கூடாது, ஆக 2027 வாக்கில்தான் சட்டப்படியே சாத்தியம். கம்பெனி அதற்குப் பிறகும் காத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். திறப்பையொட்டி வந்த ஜெமினி என்ற வெளியீடு, 1978இல் வடித்த 44 வருடப் பழைய சரக்கு, இரண்டு பாட்டில் கொண்ட 274 ஜோடி. புதுச் சரக்கு அல்ல.

பழைய போர்ட் எல்லனுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் அந்தத் திசையை அறிய விரும்பினால், 35 பிபிஎம் மால்ட்டில் வடித்து, களைத்த பீப்பாயில் பத்துப் பன்னிரண்டு வருடம் கிடந்த, நிறம் சேர்க்காத, தனிப் பீப்பாய்க் கூல் ஈலாவைத் தேடுங்கள். வைக்கோல் நிறத்துக்கு மேல் போகக் கூடாது, ஷெர்ரி வைன் இருந்த பீப்பாய் வேண்டாம். ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, அரைத் தேக்கரண்டி தண்ணீர் சேர்த்தால் எலுமிச்சையும் ஈரக்கல்லும் மேலே வரும். போர்ட் எல்லனின் எண்ணெய்ப் பசை அதில் இருக்காது, மற்றது பெரும்பாலும் கிடைக்கும்.